மென்பொருள் ஆவணங்களை இயற்றுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

டாக்குமெண்டேஷன் என்று அலுவலகங்களில் வழங்கும் மென்பொருள் ஆவணங்களைச் சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் மாதச் சம்பளத்துக்கு எழுதுகிறவர்களாகவோ, திறமூல மென்பொருள் ஒன்றின் மீது கொண்ட பற்றினால் வேலை முடிந்த பிறகு இராப்பொழுதில் அதையே தொண்டாகச் செய்கிறவர்களாகவோ இருக்கும் உங்கள் அனைவருக்கும், அந்த ஆவணங்களை எழுதாமல் எடுத்தாளுவதையே பிழைப்பாகக் கொண்ட நிரலர் ஒருவன் எழுதும் மடல் இது. உங்கள் பெயர் பெரும்பாலும் எந்தப் பக்கத்திலும் அச்சாவதில்லை. நன்றாக எழுதியிருக்கும் நாளில் உங்களை யாரும் நினைப்பதில்லை. குறை கண்ட நாளில் மட்டும் எல்லாரும் நினைக்கிறார்கள். நானும் சில குறைகளைச் சொல்லவே எழுத உட்கார்ந்தேன் என்றாலும், நியாயமாக உங்களுக்குச் சேரவேண்டியதும் இதுகாறும் பிறர் கணக்கில் வரவு வைக்கப்பட்டு வருவதுமான ஒரு பெருமையை முதலில் உங்களிடம் ஒப்படைத்துவிடுவதே முறை என்று கருதுகிறேன்.

உலாவியைத் திறந்து, ஒரு பெட்டியில் இரண்டு மூன்று எழுத்துகளைத் தட்டிய க்ஷணத்திலேயே வேண்டிய ஃபங்ஷனின் விளக்கம் கண்முன் வந்து நிற்கும்படி செய்யும் கருவிகள் இன்று பல இருக்கின்றன. பல மொழிகளின் ஆவணங்களை ஒரே கூரையின்கீழ் திரட்டித் தரும் டெவ்டாக்ஸ் அவற்றுள் ஒன்று. ரஸ்ட் மொழியின் ஆவணப் பக்கங்களோடு பிறந்த தேடல் பெட்டி மற்றொன்று. திறமூலத் திட்டங்கள் பலவற்றின் தளங்களில் அமர்ந்திருக்கும் அல்கோலியா நிறுவனத்தின் டாக்சர்ச் இன்னொன்று. இவற்றின் வேகத்தை வியப்பவர்கள், அவ்வளவும் கருவியை இயற்றியவரின் சாமர்த்தியம் என்றே முடிவு கட்டிவிடுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் அந்த வேகத்தில் சரிபாதி உங்களுடையது. ஒரு பொருளுக்கு நீங்கள் இட்ட பெயர், அதன்மேல் வைத்த தலைப்பு, அதற்குக் கொடுத்த முகவரி ஆகிய மூன்றும் ஒழுங்காக இருந்தால் ஒழிய, எவ்வளவு சாமர்த்தியமான கருவியும் வாசகனை வாசலில் நிறுத்திவிட்டுத் திரும்பிவிடும்.

ஆவணத்தைத் திறக்கும் வாசகன் எத்தகைய மனநிலையில் வருகிறான் என்பது நீங்கள் அறியாதது அன்று. ஆனால் எழுத உட்காரும்போது அது மறந்துபோவது சகஜம். அவன் படிப்பதற்காக வருவதில்லை. நிரலின் நடுவே, பாதி வரியைத் தட்டிய கையோடு, ஒரே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வருகிறான். பிஎச்பி மொழியில் எழுதுகிறவனுக்கு அந்தச் சந்தேகம் ஆயுட்காலம் முழுவதும் தொடர்வது. சரத்துக்குள்ளே ஒன்றைத் தேடும் ஃபங்ஷன்கள் வைக்கோற்போரை முதலிலும் ஊசியைப் பிறகும் கேட்கின்றன. வரிசைக்குள்ளே தேடுகிறவையோ ஊசியை முதலில் கேட்கின்றன. (வைக்கோற்போர், ஊசி என்பவை நான் சொன்ன உவமைகள் அல்ல, அந்த மொழியின் ஆவணமே தன் உள்ளீடுகளுக்குச் சூட்டியிருக்கும் பெயர்கள்.) இப்படி ஓர் அற்ப விஷயத்துக்காக வந்தவன், தன் நிரலின் போக்கில் ஐந்தாறு காரியங்களை மனத்திலே ஒருசேரத் தாங்கிக்கொண்டு நிற்கிறான். விடை இரண்டு விநாடியில் கிடைத்தால் அவை சிதறாமல் திரும்பிப் போய்விடுவான். பொதுத் தேடுபொறியிடம் போய், விளம்பரங்களையும், உங்கள் ஆவணத்தையே பிரதியெடுத்து மேலே பூச்சுப் பூசிய தளங்களையும், ஐந்து வருஷத்துக்கு முந்திய பதிப்பின் பக்கத்தையும் தாண்டித்தான் உண்மையான பக்கத்தை அடைய வேண்டுமென்றால், வரும்போது தாங்கி வந்ததில் பாதியை வழியிலேயே இழந்துவிடுவான்.

இந்தச் சங்கடம் உலாவியோடு பிறந்தது என்று எண்ணவேண்டாம். யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதற்கையேடு 1971 நவம்பர் 3 என்று தேதியிடப்பட்டு வெளிவந்தது. கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் இயற்றியது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம், அந்தப் பக்கத்தின் தலையிலே பெயர், பெயருக்குப் பக்கத்திலே ஒரு கோடு, கோட்டுக்கு அப்பால் அது செய்யும் காரியத்தைச் சொல்லும் ஓர் ஒற்றை வரி, பிறகு எடுத்தாளும் முறை, விளக்கம், தொடர்புடைய பிற கட்டளைகள் என்று வகுக்கப்பட்ட அந்தக் கிரமம் இன்றளவும் மாறவில்லை. பிழைகளுக்கென்றே ஒரு தனிப் பகுதியை ஒதுக்கி, தம் படைப்பின் குறையைத் தாமே அச்சிட்டுக் கொடுத்த அவர்களுடைய நேர்மையை இங்கே போகிற போக்கில் வணங்கிக்கொள்கிறேன். எனினும் என் கவனத்துக்கு உரியது அந்த ஒற்றை வரிதான். பெயர் தெரியாமல் காரியம் மட்டும் தெரிந்தவன் பிற்காலத்தில் அப்ரப்போ என்ற கட்டளையைக் கொண்டு தேடியபோது, அது கையேடு முழுவதையும் புரட்டவில்லை. பெயரையும் அந்த ஒற்றை வரியையும் மட்டுமே புரட்டியது. ஆகவே அந்த வரியை எழுதியவர், தேடுகிறவனுடைய வாயில் வரக்கூடிய சொல்லைத் தம் வரியில் வைத்திருந்தால் அவன் பிழைத்தான். வைக்கவில்லையென்றால் அந்தக் கட்டளை இருந்தும் இல்லாததுதான்.

அச்சுக் கையேட்டிலோ அந்த ஒற்றை வரிகளில் உள்ள முக்கியச் சொற்கள் ஒவ்வொன்றும் தலைமாற்றி அகர வரிசையில் வரும்படி ஒரு குறிப்பட்டியைச் சேர்த்தார்கள். ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1950-களின் கடைசியில் கணினியைக் கொண்டு செய்து காட்டிய உபாயம் அது. நம்மவர்க்கு இது புதிய செய்தியும் அன்று. உ. வே. சாமிநாதையர் 1898-இல் மணிமேகலையைப் பதிப்பித்தபோது அதற்கு அரும்பதங்களின் அகராதியையும் தொகுத்துச் சேர்த்தார். தேடலுக்கு இடம் கொடாத பதிப்பு பாதிப் பதிப்பே என்ற உணர்வு நமது நூற்பதிப்பில் நூறாண்டுக்கு முன்பே வேரூன்றிவிட்டது.

இனி இன்றைய கருவிக்கு வருகிறேன். டெவ்டாக்ஸ் என்பதை 2013-இல் திபோ கூரூப்ல் என்பவர் வெளியிட்டார்; பின்னாளில் அது ஃப்ரீகோட்கேம்ப் என்னும் கல்விச் சேவை நிறுவனத்தின் பராமரிப்புக்குப் போயிற்று. அதன் உள்ளமைப்பைச் சற்றே விரித்துச் சொல்ல என்னை அனுமதியுங்கள். ஏனெனில் நீங்கள் எழுதியது அங்கே என்ன பாடு படுகிறது என்பதை அறிந்தால்தான் நான் கேட்கப்போவதன் அவசியம் விளங்கும்.

ஒரு மொழியின் ஆவணத்தளத்தை, ரூபி மொழியில் எழுதப்பட்ட ஒரு நிரல் பக்கம் பக்கமாகப் போய்ச் சேகரிக்கிறது. சேகரித்த பக்கத்திலிருந்து மேற்பட்டி, பக்கப்பட்டி, விளம்பரம், பொத்தான் முதலான ஆரவாரங்களையெல்லாம் கழித்துவிட்டு, எஞ்சிய சாரத்திலிருந்து ஒவ்வொரு பொருளுக்கும் மூன்றே மூன்று விவரங்களை எடுத்துக்கொள்கிறது: பெயர் என்ன, எந்த வகையைச் சேர்ந்தது, எந்த இடத்தில் இருக்கிறது. இந்த மூன்றும் ஒரு சிறிய கோப்பாகவும், பக்கங்களின் முழு உள்ளடக்கம் ஒரு பெரிய கோப்பாகவும் வகுக்கப்படுகின்றன. நீங்கள் டெவ்டாக்ஸைத் திறந்தவுடன் அந்தச் சிறிய கோப்பு உலாவியின் நினைவில் வந்து அமர்ந்துவிடுகிறது. அதன் பிறகு ஒவ்வோர் எழுத்தைத் தட்டும்போதும் நடக்கும் தேடல் முழுவதும் உங்கள் கணினியின் உள்ளேயே நடக்கிறதேயன்றி, கடல் கடந்து எந்த வழங்கிக்கும் போய் மீள்வதில்லை. வேகத்தின் ரகசியம் இவ்வளவே. பெரிய கோப்பையும் உலாவியின் உள்களஞ்சியத்தில் இறக்கி வைத்துக்கொண்டால், இணையம் அறவே இல்லாத இடத்திலும், ரயில் பிரயாணத்திலும் கூட, ஆவணம் குறைவின்றிக் கையில் இருக்கும்.

அதன் தேடல் பிழை பொறுப்பது. சிஎஸ்எஸ்ஸில் பேக்ரவுண்ட்-கிளிப் என்பதை நாடுகிறவன் முழுப் பெயரையும் தட்டவேண்டியதில்லை. பி, ஜி, சி, பி என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் அந்த வரிசையில் அப்பெயரினுள் சிதறிக் கிடப்பதைக் கொண்டே அது இன்னதென்று கண்டுபிடித்துவிடும். மொழியின் பெயரைச் சுருக்கமாகத் தட்டி டேப் விசையை அழுத்தினால் அந்த மொழிக்குள் மட்டுமே தேடும். சுட்டெலியைத் தொடாமலே ஒரு நாள் பொழுதைக் கழித்துவிடலாம். இத்தனை சௌகரியத்துக்கு நடுவே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும்: அது தேடுவது அந்தச் சிறிய கோப்பிலுள்ள பெயர்களைத்தான், உங்கள் பத்திகளை அன்று. நீங்கள் எவ்வளவு அழகான விளக்கத்தை எழுதியிருந்தாலும், அதற்கென்று ஒரு தலைப்பும் அந்தத் தலைப்புக்கென்று ஓர் அடையாளமும் இல்லையாயின், அவ்விளக்கம் அந்தக் கருவியின் உலகத்தில் பிறக்கவே இல்லை.

இங்கேதான் என் முதற்குறை. ஒவ்வோர் ஆவணத்தளத்துக்கும் பெயர் எங்கே இருக்கிறது, வகை எங்கே இருக்கிறது என்று கண்டெடுக்கும் வடிகட்டியை யாரோ ஒரு தன்னார்வலர் பிரத்தியேகமாக எழுதவேண்டியிருக்கிறது. நீங்கள் தளத்தின் தோற்றத்தைப் புதுப்பிக்கிறீர்கள். தலைப்பாக இருந்ததை வெறும் தடித்த எழுத்தாக மாற்றுகிறீர்கள். நேற்றுவரை இருந்த அடையாளங்களை ஒரு புதிய கட்டமைப்பு தானாகவே உற்பத்தி செய்யும் பொருளற்ற எழுத்துக்கோவைகளுக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறீர்கள். கண்ணுக்குப் பக்கம் முன்னைவிட வனப்பாக இருக்கிறது. ஆனால் அந்த வடிகட்டி அன்றோடு செத்தது. மறுபடியும் ஒருவர் ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து அதை எழுதும்வரை, உங்கள் மென்பொருளின் புதிய பதிப்பு அங்கே வராது. வாசகன் பழைய பதிப்பைப் படித்துக்கொண்டு, இல்லாத ஃபங்ஷனை அழைத்து, உங்களைத்தான் நிந்திப்பான்.

இதற்கு மருந்து இருக்கிறது. அது பைத்தான் உலகத்தில் வெகுகாலமாகப் புழக்கத்திலும் இருக்கிறது. பைத்தானின் ஆவணங்களுக்காக கேயார்க் பிராண்டல் இயற்றி 2008-இல் வெளிவந்த ஸ்ஃபிங்ஸ் என்னும் கருவி, பக்கங்களைத் தயாரிக்கும்போதே, அந்த ஆவணத்தில் உள்ள ஒவ்வொரு பெயரும் எந்தப் பக்கத்தில் எந்த அடையாளத்தின்கீழ் இருக்கிறது என்ற பட்டியலை ஒரு தனிக் கோப்பாக எழுதி வைத்துவிடுகிறது. பிறருடைய ஆவணம் உங்களுடையதைச் சுட்டவேண்டுமானாலும், ஒரு தேடுகருவி உங்களுடையதை உட்கொள்ள வேண்டுமானாலும், பக்கங்களின் தோற்றத்தைத் தடவித் தடவி அறிய வேண்டிய நிர்ப்பந்தம் இல்லை. பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொண்டால் போதும். இதன் பிரயோஜனத்தை ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். பைத்தானில் ஒரு சரத்தைத் துண்டு துண்டாக வெட்டும் ஸ்ப்ளிட் என்ற செயலை நாம் நாள்தோறும் பயன்படுத்துகிறோம். அதன் விளக்கம், மொழியோடு உடன்பிறந்த வகைகள் அனைத்தையும் விவரிக்கும் ஒரு மாபெரும் பக்கத்தின் நடுவே இருக்கிறது. எண்கள், பட்டியல்கள், பைட்டுகள் என்று நீளும் அந்தப் பக்கத்தின் தலைப்பைப் பார்த்து, ஸ்ப்ளிட் இதனுள்தான் இருக்கும் என்று ஊகிக்க எந்தப் புதியவனாலும் ஆகாது. பட்டியலில் அதற்கென்று ஒரு பெயரும் அடையாளமும் இருப்பதனால் மட்டுமே அது ஒரு விநாடியில் அகப்படுகிறது. பக்கம் நீண்டிருக்கலாம், அதனால் தீங்கில்லை. அடையாளம் இல்லாதிருப்பதே தீங்கு.

டெவ்டாக்ஸும், மேக் கணினிக்கான டாஷும், டாஷின் தொகுப்புகளையே எடுத்து லினக்ஸிலும் விண்டோஸிலும் வழங்கும் ஸீலும் உங்கள் ஆவணத்தைத் தம்மில் சேர்த்துக்கொள்ள இன்னொன்றும் வேண்டும், அது உரிமம். மொஸில்லாவின் எம்டிஎன் ஆவணங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதனால், அவற்றைப் பிரதியெடுத்து வேறு கூரையின்கீழ் வைப்பதற்கு யாருடைய தயவும் வேண்டியிருக்கவில்லை. உங்கள் ஆவணத்துக்கு என்ன உரிமம் என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். மென்பொருளைத் தாராளமாகத் திறந்துவிட்டு, அதன் ஆவணத்தின் உரிமத்தைப்பற்றி மௌனம் சாதிக்கும் திட்டங்களைக் காணும்போது, கோயிலைத் திறந்துவைத்துச் சந்நிதிக்குத் திரைபோட்ட அர்ச்சகரைப் பார்ப்பதுபோல இருக்கிறது.

பெயரைப்பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். ஏனெனில் தேடலில் தோல்விக்கு மூலகாரணம் பெரும்பாலும் அதுவே. ஒரு பட்டியலின் கடைசியில் ஒரு பொருளைச் சேர்ப்பது என்ற ஒரே காரியத்தைப் பைத்தான் அப்பெண்ட் என்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் புஷ் என்கிறது. ஜாவா ஆட் என்கிறது. சி ப்ளஸ் ப்ளஸ் புஷ்-பேக் என்கிறது. இவற்றுள் ஒன்றில் பழகி மற்றொன்றுக்கு வருகிறவன் தேடல் பெட்டியில் எதைத் தட்டுவான்? தான் அறிந்த பழைய பெயரைத்தான் தட்டுவான், வேறென்ன செய்வான்? அவன் தட்டும் பெயர் உங்கள் மொழியில் இல்லை என்பது அவன் குற்றமாகாது. ரஸ்ட் மொழியார் இதை உணர்ந்து, 2020 நவம்பரில் வெளிவந்த 1.48-ஆம் பதிப்பு முதல், ஒரு பொருளின் ஆவணத்தில் அதற்குரிய மாற்றுப் பெயர்களையும் எழுதிவைக்கும் வசதியைச் செய்தார்கள். அந்த மாற்றுப் பெயர் பக்கத்தில் எங்கும் துருத்திக்கொண்டு நிற்பதில்லை. தேடல் பெட்டியில் தட்டினால் மட்டும் உரிய பொருளிடம் கொண்டுபோய் விடுகிறது. உங்கள் கருவியில் இப்படியொரு வசதி இல்லாவிட்டாலும், விளக்கத்தின் முதல் வரியிலேயே பிற மொழியார் வழங்கும் பெயரைச் சொல்லிவைக்க யார் தடுத்தார்கள்?

பெயரே தெரியாமல் வருகிறவனுக்கும் ஒரு கதி உண்டென்று காட்டியது ஹாஸ்கெல் மொழியின் ஹூகிள். நீல் மிட்சல் 2004-இல் தொடங்கிய அந்தக் கருவியில், எந்த வகைப் பொருளை வாங்கி எந்த வகைப் பொருளைத் திருப்பித் தரும் ஃபங்ஷன் வேண்டும் என்று வடிவத்தை எழுதினால், அந்த வடிவத்துக்கு ஒத்தவற்றையெல்லாம் எடுத்து நீட்டும். பெயர்கள் மாறினாலும் வடிவம் மாறாது என்ற தத்துவத்தின்மேல் எழுந்த அந்தத் தேடல், ரஸ்ட் ஆவணங்களிலும் இப்போது ஒருவாறு இடம்பெற்றிருக்கிறது. வகைகளைக் கறாராக எழுதும் மொழிக்காரர்களுக்கு மட்டுமே கிட்டும் பாக்கியம் இது, மற்றவர்கள் பொறாமைப்படலாம்.

பெயரில்லாத இன்னொரு ஜாதியும் இருக்கிறது, குறியீடுகளைச் சொல்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஒன்றில் இரண்டு கேள்விக்குறிகள் அடுத்தடுத்து நிற்பதைக் காணும் மாணவன், அதை எப்படி உச்சரிப்பது என்றே அறியான். உச்சரிக்கத் தெரியாததை எப்படித் தேடுவான்? பொதுத் தேடுபொறிகளுக்கோ நிறுத்தற்குறிகளைக் கழித்துவிட்டுத் தேடும் வழக்கம் உண்டு. எம்டிஎன் ஆசிரியர்கள் அந்தக் குறியீட்டுக்குரிய பக்கத்தின் தலைப்பிலேயே செயற்குறியின் முழுப் பெயரையும், அடைப்புக்குறிக்குள் ?? என்ற வடிவத்தையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். ஆகையால் இரண்டில் எதைத் தட்டினாலும் அவர்கள் தளத்தின் பெட்டியில் பக்கம் அகப்படுகிறது. பைத்தானின் பொதுச் சுட்டியிலும் குறியீடுகளுக்கென்றே எழுத்துகளுக்கு முன்னால் ஒரு பகுதி இருக்கிறது. இதைச் செய்ய அவர்களுக்கு எந்த விஞ்ஞானமும் தேவைப்படவில்லை. தெரியாதவனாக ஒரு கணம் நின்று பார்க்கும் சுபாவமே தேவைப்பட்டது.

உலாவிக்கென்றே உரிய சில வழிகளையும் நீங்கள் அடைத்துவிடாமல் இருக்கவேண்டும். பிஎச்பியின் தளத்தில், முகவரியின் பின்னால் ஒரு சாய்கோட்டையும் ஃபங்ஷனின் பெயரையும் எழுதினாலே போதும், அந்தப் பக்கம் திறந்துவிடும். முகவரிப் பட்டியே தேடல் பெட்டியாகிவிடுகிற இந்தச் சம்பிரதாயத்தை மற்றவர்கள் ஏன் பின்பற்றவில்லை என்பது எனக்கு விளங்காத புதிர்களுள் ஒன்று. ஃபயர்பாக்ஸிலும் குரோமிலும் ஒரு தளத்தின் தேடலுக்கு ஒரு சிறு சொல்லை அடையாளமாக வைத்துக்கொண்டு, முகவரிப் பட்டியிலிருந்தே அத்தளத்துக்குள் நேராகப் புகுந்து தேடலாம். அதற்கு உங்கள் தளத்தின் தேடல் விடைகளுக்கென்று ஒரு முகவரி இருக்கவேண்டும். தேடிய சொல் அந்த முகவரியில் தெரியவேண்டும். ஒரு மிதக்கும் சாளரத்துக்குள்ளே தேடி அதற்குள்ளேயே விடையைக் காட்டி மறைந்துவிடும் பெட்டிகள் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் கண்ட விடையை நண்பனுக்கு அனுப்பக்கூட அவற்றில் வழியில்லை.

அதைவிடக் கொடுமை, கண்ட்ரோல்-எஃப் என்ற விசைச் சேர்க்கையைத் தளமே பறித்துக்கொள்வது. பக்கத்துக்குள் தேடுவதற்கு உலாவி தந்த அந்த வசதி வாசகனுடைய சொத்து. சாய்கோட்டு விசையும் ஃபயர்பாக்ஸ்காரர்களுக்கு அப்படிப்பட்டதே. அதைத் தளத்தின் தேடலுக்கு எடுத்துக்கொள்வது இன்று எல்லாரும் செய்வதாகிவிட்டதால் அதைப்பற்றிப் பேசிப் பயனில்லை. ஆனால் கண்ட்ரோல்-எஃப்பை விட்டுவிடுங்கள். விளக்கங்களை மடித்து மடித்து உள்ளே ஒளித்து, சொடுக்கினால் விரியும்படி வைக்கும்போது, மடிப்புக்குள் இருப்பது பக்கத்தேடலுக்கு எட்டாமல் போகிறது என்பதையும் மறக்கவேண்டாம். தேடும்போது மடிப்புத் தானாக விரியும்படி செய்யும் ஒரு பண்பை 2022-இல் குரோம் அறிமுகப்படுத்தியது. மடிக்காமல் இருக்கமுடியாது என்கிறவர்கள் அதையாவது உபயோகிக்கலாம்.

முகவரிகளைப்பற்றி நீட்டி முழக்க எனக்கு விருப்பமில்லை. நல்ல முகவரி மாறலாகாது என்பதை வலையை உண்டாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயே 1998-இல் ஒரு தனிக் கட்டுரையாக எழுதிவிட்டார். பதிப்புகளின் விஷயத்தில் மட்டும் பைத்தான் தளத்தின் முறையைப் பாருங்கள்: எண் 3 மட்டும் கொண்ட முகவரி எப்பொழுதும் நடப்புப் பதிப்பைக் காட்டுகிறது, 3.11 என்பது போல முழு எண் கொண்டது அந்தப் பதிப்பிலேயே நிலைத்து நிற்கிறது. பக்கத்தின் தலையில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் பெட்டியும் இருக்கிறது. பழைய பக்கத்தை அழிக்கவும் வேண்டாம். அது பழையது என்பதை அதன் நெற்றியில் எழுதாமல் விடவும் வேண்டாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்களில் சிலர் கேட்கக்கூடும்: இனி யார் ஆவணத்தைத் தேடப்போகிறார்கள், செயற்கை நுண்ணறிவிடம் வாய்விட்டுக் கேட்டால் அதுவே நிரலையும் எழுதிக் கொடுத்துவிடுகிறதே என்று. கேட்கிறோம், மறைப்பானேன், நானும் கேட்கிறேன். ஆனால் அது சில சமயம், இல்லாத ஓர் உள்ளீட்டை இருப்பதாகச் சாதிக்கிறது. அதன் பேச்சில் ஐயமே தொனிப்பதில்லை. உண்மையைச் சரிபார்க்க நாங்கள் திரும்பி வருவது உங்கள் பக்கத்துக்குத்தான். மேலும் அந்த இயந்திரங்களும் உங்கள் ஆவணத்தின் வாசகர்களே. ஆவணத்தளங்கள் அவற்றுக்கென்று எளிய உரைவடிவில் ஒரு வழிகாட்டிக் கோப்பை வைக்கலாமென்ற யோசனையை 2024-இல் ஜெரெமி ஹோவர்ட் என்பவர் முன்வைத்தார். அந்த யோசனை நிற்குமோ நில்லாதோ, அது கேட்பதும் யூனிக்ஸ் கையேட்டின் ஒற்றை வரி கேட்டதும் ஒன்றுதான்: பெயர், அது செய்யும் காரியம், இருக்கும் இடம்.

கடைசியாக, உங்களுள் தமிழிலேயே மென்பொருள் ஆவணங்களை எழுதத் துணிந்தவர்களுக்கு மட்டும் சில வார்த்தைகள். உங்கள் எண்ணிக்கை சிறியது. உங்கள் சிரமமோ மற்றவர்களுடையதைவிடப் பெரியது. ஏனெனில் உலாவியில் இயங்கும் தேடுகருவிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தை மனத்தில் வைத்தே செய்யப்பட்டவை. லூனர் என்னும் பிரசித்தமான தேடல் நிரல், சொல்லின் இரு முனைகளிலும் ஒட்டியிருக்கும் எழுத்தல்லாத குறிகளைக் கத்தரிப்பதற்கு ஜாவாஸ்கிரிப்ட்டின் பழைய இலக்கணத்தை நம்புகிறது. அந்த இலக்கணத்தின்படி எழுத்தென்பது ஆங்கில எழுத்தே. ஆகவே தமிழ்ச் சொல் முழுவதும் குறியென்று கருதப்பட்டு, கத்தரித்து முடிந்தபோது வெறும் சூனியமே எஞ்சுகிறது. தேடல் பெட்டி பிழைச் செய்தி எதையும் காட்டுவதில்லை. எதுவும் அகப்படவில்லை என்று சாந்தமாகச் சொல்லிவிடுகிறது. பிற மொழிகளுக்கென்று அதனோடு இணைக்கும் துணைத்தொகுப்பில் தமிழுக்கும் ஒரு கோப்பு இருக்கிறது. அதைச் சேர்த்தாலன்றிப் பயனில்லை.

அடுத்தது எழுத்தின் உள்வடிவம். கொ, கோ, கௌ முதலியவற்றின் உயிர்க்குறியை யூனிகோட் ஒரே குறியாகவும் எழுத இடங்கொடுக்கிறது. முன்னொரு குறியும் பின்னொரு குறியுமாகப் பிரித்தும் எழுத இடங்கொடுக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கோ வேறு வேறு. நீங்கள் ஆவணத்தில் ‘கோப்பு’ என்று ஒரு விதமாக எழுதி, வாசகனுடைய விசைப்பலகை மற்றொரு விதமாகத் தட்டினால், தேடல் தோற்கும். ஜாவாஸ்கிரிப்ட்டில் 2015 முதல் இருக்கும் நார்மலைஸ் என்னும் அழைப்பை, குறிப்பட்டியைத் தயாரிக்கும்போது ஒரு முறையும் வாசகன் தட்டும் சொல்லின்மீது ஒரு முறையும் செலுத்தினால் இந்தத் தொல்லை தீர்ந்தது. ஆனால் ஔகாரத்தை எழுத வந்தவர் ஒகரத்துக்குப் பக்கத்தில் ளகரத்தைத் தட்டி வைத்திருந்தால் அதை எந்த அழைப்பும் திருத்தாது. அது மெய்ப்புப் பார்க்கிறவரின் கண்ணுக்கே உரிய வேலை.

வேற்றுமை உருபுகளின் சங்கதி இன்னும் ஆழமானது. கோப்பு என்று தேடுகிறவனுக்குக் கோப்பில், கோப்பிலிருந்து, கோப்புகளை, கோப்புக்குள் என்று வரும் இடங்களும் அகப்படவேண்டும். ஸ்னோபால் என்ற வேர்ச்சொல் காணும் தொகுப்பில் தமிழுக்கும் ஒரு நிரல் உண்டு; அது எல்லாப் புணர்ச்சிகளையும் அவிழ்த்துவிடும் என்று எதிர்பார்க்கக்கூடாது. ஆகவே தலைப்புகளிலாவது பெயரை உருபேற்றாமல் முதல் வேற்றுமையிலேயே நிறுத்துங்கள். ‘கோப்பைத் திறத்தல்’ என்று எழுதத் தோன்றும் இடத்தில் ‘கோப்பு: திறத்தல்’ என்று எழுதுவது காதுக்குச் சற்றுக் கரடாக ஒலிக்கலாம். தேடுகிறவன் கைக்கு அது அகப்படும். நிரலில் உள்ள ஆங்கிலப் பெயரை அதன் பக்கத்திலேயே நிரலில் உள்ளபடியே எழுதிவிடுங்கள். தமிழாக்கம் எவ்வளவு சிறந்ததாயினும், பிழைச் செய்தியிலிருந்து பிரதியெடுத்து ஒட்டித் தேடுகிறவனிடம் இருப்பது அந்த ஆங்கிலப் பெயர் ஒன்றே.

இப்படிக்கு,
உங்கள் பக்கங்களை அன்றாடம் தேடித் திறக்கும் நிரலர் ஒருவன்